எந்த வழிக்கு அனுமதி?

‘வார இறுதி ட்ரெக்கிங், ஒரு ராத்திரி டென்ட், கேம்ப்ஃபயர், பார்பிக்யூ, எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்து விழும். அரை மணி நேரத்துக்குள் ஆறேழு பேர் ‘நானும் வர்றேன்’ என்று சொல்லிவிடுவார்கள். வண்டி எத்தனை மணிக்கு, அசைவம் உண்டா, ஸ்லீப்பிங் பேக் அவர்களே தருவார்களா என்று கேள்விகள் வரிசைகட்டும். ஒரு கேள்வி மட்டும் அநேகமாக வராது. நடக்கப்போகும் பாதைக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா? அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் இளம் வயதினர். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் அன்றே, பலர் தீக்காயத்தோடு மருத்துவமனையில் நாட்கணக்கில் கிடந்து. அவர்களுக்குத் தரப்பட்டிருந்த அனுமதி குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழிக்கு. அவர்கள் போனதோ கொழுக்குமலை வழியில் என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மலையேற்றத்துக்கென்று தனியாக விதிகள் எழுதப்பட்டதும் இதற்குப் பிறகுதான்.

அனுமதியைப் பலர் டோல்கேட் கட்டணத்தைப் போலப் பார்க்கிறார்கள். ஏமாற்ற முடிந்தால் லாபம். உண்மையில் அந்தத் தாளால் முதல் பயன் நமக்குத்தான். இந்தத் தேதியில், இந்தப் பாதையில், இத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள், இத்தனை மணிக்கு வெளியே வரவேண்டும் என்ற தகவல் ரேஞ்ச் ஆபீஸில் ஒருவரிடம் இருக்கிறது. மாலை 6 மணிக்கு நீங்கள் வரவில்லையென்றால் தேட ஆரம்பிக்க ஓர் இடம் இருக்கிறது. பாதை மாறிவிட்டால் அந்தத் தகவலே பொய்யாகிவிடும். தீ எங்கே எரிகிறது என்று வாட்சருக்குத் தெரிந்தாலும், அந்தச் சரிவில் ஆட்கள் இருப்பது தெரியாது.

செக்போஸ்ட்டில் நடக்கும் பேச்சு எல்லா மலையிலும் ஒன்றுதான். “தம்பி, பர்மிட்டைக் காட்டுங்க.” “அண்ணே, எங்க ஆர்கனைசர் முன்னாடியே போயிட்டாரு, அவர்கிட்ட இருக்கு.” “அதுல எந்த ரூட் போட்டிருக்கு?” இந்தக் கேள்விக்குப் பதினைந்து பேரில் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். பணம் கட்டும் முன்பே அனுமதித் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை, கொடுத்த அலுவலகம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அங்கே போனதும் பார்த்துக்கலாம்’, ‘ஃபாரஸ்டர் நமக்குத் தெரிஞ்சவர்’ என்ற இரண்டு பதில்களில் எது வந்தாலும் அந்தப் பயணத்தை விட்டுவிடலாம்.

யார் நிலத்தில் நிற்கிறோம்?

மலை என்றால் எல்லாம் ஒரே காடு என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஊட்டிக்கு அருகே இருக்கும் முக்குருத்தி இரண்டாம் வகை. அங்கே அனுமதியில்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும், விலங்கைச் சீண்டுவதும், குப்பை போடுவதும் தனித்தனிக் குற்றங்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு, இந்தச் சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். ‘நான் பணம் கட்டினேன், அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்’ என்பது உங்களை வழக்கிலிருந்து காப்பாற்றாது. காலை வைத்தது நீங்கள்.

ஆபத்தில் சிக்கி மீட்கப்பட்டால் அனுதாபத்தோடு விட்டுவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழை அருகே குறும்பாச்சி மலையின் பாறை இடுக்கில் ஓர் இளைஞர் 40 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில்லாமல் சிக்கியிருந்தார். கடைசியில் ராணுவம் வந்துதான் கயிறு கட்டி மேலே ஏற்றியது. நாடே டிவியில் பார்த்துக் கைதட்டியது. பிறகு அவர் மீதும் நண்பர்கள் மீதும் அத்துமீறி நுழைந்ததாக வழக்கும் வந்தது.

மூன்றாவது வகை பட்டா நிலம், எஸ்டேட். டென்ட் வியாபாரம் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். வனத்துறை நிலம் இல்லை என்பதால் எந்த அனுமதியும் வேண்டாம் என்று நடத்துபவர்கள் சொல்வார்கள். யானைக்குப் பட்டா, காடு வித்தியாசம் தெரியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டோரத் தங்கும் இடம் ஒன்றில் டென்ட்டில் இருந்த இளம்பெண்ணை யானை கொன்றது. உரிமமே இல்லாமல் அந்த இடம் நடந்துவந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது, நடத்தியவர்கள் கைதானார்கள். 2025 மே மாதம் அதே மேப்பாடிப் பகுதியில், டென்ட்டுக்கு மேலே போட்டிருந்த கொட்டகை மழையில் சரிந்து இன்னொரு இளம்பெண் இறந்தார். இரண்டாவது சம்பவத்தில் காட்டு மிருகம் எதுவும் இல்லை. உளுத்த கம்பமும் நனைந்த கூரையும் போதுமானதாக இருந்தன. ஆகவே பட்டா இடமாக இருந்தால் கேட்க வேண்டியது வேறு: தங்கும் இடமாக நடத்த உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா, யானை வந்தால் ஓடி ஏற கான்கிரீட் கட்டடம் எத்தனை அடி தூரத்தில்?

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருக்கிறது. அது வண்டிக்கு. அதைக் காட்டினால் மலைப்பாதை திறந்துவிடாது. ‘அதான் பாஸ் எடுத்தோமே சார்’ என்று வாதாடும் குடும்பங்களைச் செக்போஸ்ட் ஊழியர்கள் தினமும் சமாளிக்கிறார்கள்.

முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையதளத்தைத் திறந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கூட வருபவர்கள் அந்தந்தக் காட்டோர ஊர்க்காரர்கள், பழங்குடியினர். கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு தொடக்கத்திலிருந்தே உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது, பிறகு குறைத்தார்கள். என்றாலும் பெயர் பதிவாகி, வழி தெரிந்த ஓர் ஆள் கூடவே நடப்பதற்கான விலை அது. ஒன்றை மனதில் வையுங்கள்: பகல் நடைக்கான அனுமதியில் ராத்திரி காட்டுக்குள் டென்ட் போடும் உரிமை சேர்ந்து வராது.

2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்று இந்தப் பாதைகளை மூடினார்கள். அந்த இரண்டு மாதங்களில் ‘ஸ்பெஷல் பர்மிஷன்’ என்று யாராவது கூப்பிட்டால், குரங்கணித் தேதியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

தீ, நீர், குளிர்

வடகிழக்குப் பருவமழை நின்று இரண்டு மாதமானால் மலைச்சரிவில் ஆளுயரப் புல் காய்ந்து சலசலக்கும். அதில் விழும் பொறி மேல்நோக்கி ஓடும். எரியும் புல்லின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகம் பல மடங்காகும். மனிதனுக்கோ மேலேறும்போது மூச்சு வாங்கும். அதனால் தீயைக் கண்டால் உச்சியை நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் நகர வேண்டும். புல் இல்லாத பாறை, ஓடை, ஈரமான சோலைக்காடு, வனத்துறை புல்லை வெட்டி வைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடு, இவற்றில் எது அருகிலோ அங்கே. ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மறுபடி எரிய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நைலான், பாலியஸ்டர் துணி தோலோடு உருகி ஒட்டும். விளையாட்டுக் கடைகளில் ட்ரெக்கிங் உடை என்று விற்பதில் பாதி அந்த ரகம்தான். கோடையில் முழுக்கை பருத்திச் சட்டை நல்லது.

பள்ளத்தாக்கு ஓடைக்கரையில் டென்ட் போட ஆசை யாருக்கும் வரும். மணல் மெத்தையாக இருக்கும், தண்ணீர் பக்கத்தில். ஆனால் நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. மேலே எங்கோ பெய்தால் போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதை, அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்களே செல்போனில் எடுத்திருந்தார்கள். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேற வேண்டும்.

குளிர் நம்மவர்கள் மதிக்காத எதிரி. உறைபனி விழும் டிசம்பர் ஊட்டியில் மட்டும்தான் ஆபத்து என்பது தவறு. நனைந்த உடையில் காற்று அடித்தால் பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே உடல் சூடு இறங்க ஆரம்பிக்கும். முதலில் நடுக்கம். பிறகு பேச்சு குழறும், சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது, ‘என்னை விடுங்கடா, கொஞ்சம் உட்காரறேன்’ என்பார். நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை; நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். ஈர உடையை மாற்றி, தலையையும் மார்பையும் மூடி, இன்னொருவர் அணைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். குளிருக்கு நல்லது என்று ஊற்றும் மது, தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுபோய் உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

பார்பிக்யூ முடிந்து, அணையாத கரியை ‘கொஞ்சம் கதகதப்பாக இருக்கட்டும்’ என்று டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ எடுத்து வைப்பது அதைவிட மோசம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை அது எழுப்பாது. இப்படித் தூங்கியவர்கள் மறுநாள் எழாத செய்திகள் கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கின்றன. கரி அடுப்பு வெளியே. அணைந்ததைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே தூக்கம்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது மூன்றும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கும் அது வேலை செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அந்த மருந்து செய்யப்படவில்லை. எனவே எந்தக் காட்டில், எந்த உயரத்தில் கடித்தது என்பதை மருத்துவரிடம் சொல்வதும் சிகிச்சையில் சேர்த்தி.

அவசரத்துக்கு 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் டவர் எட்டினாலும் அந்த அழைப்பு போகும். எந்த டவருமே இல்லாத பள்ளத்தாக்குகள் ஏராளம் என்பதால், குழுவில் ஒருவருடைய போனாவது காலையிலிருந்தே ஏரோப்ளேன் மோடில் கிடக்கட்டும். ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதி, ஓடக்கூடிய இரண்டு பேரிடம் கொடுத்து மேட்டுக்கு அனுப்பலாம். ‘ஒரு பெரிய பாறை, பக்கத்துல மரம்’ என்று சொன்னால் மீட்புக் குழு விடிய விடியச் சுற்றும்.

வீடு திரும்பி ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அதையும் மலையோடு சேர்த்து யோசியுங்கள். புல்தரையில் படுத்தவர்களை நுண்ணிய உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் கண்ணில் படாது. விலை குறைந்த ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும் நோய்தான். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். ‘போன வாரம் காட்டில் டென்ட் போட்டுப் படுத்தேன்’ என்ற ஒரு வரியை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பணம் கட்டியவருக்கு என்ன உரிமை?

கூட்டிப்போகிறவருக்குக் காசு கொடுத்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர். அலட்சியத்தால் காயமோ நஷ்டமோ வந்தாலும், தெரிந்தே ஒரு முக்கியத் தகவலை மறைத்தாலும் அது சேவைக் குறைபாடு. அனுமதி இல்லை என்பதைச் சொல்லாமல் பணம் வாங்கியது இரண்டாவதில் வரும். பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் ஸ்கிரீன்ஷாட்டோடு, எதற்காக அனுப்பினீர்கள் என்ற வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். போஸ்டரையும்தான். அதில் எழுதியிருக்கும் ‘அனுபவமிக்க கைடு, முதலுதவி வசதி’ எல்லாம் பிறகு சாட்சி சொல்லும்.

ஏறும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்: என்ன நடந்தாலும் நானே பொறுப்பு. அதைப் பார்த்து வழக்கே போட முடியாது என்று பல குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. கால் இடறி விழுவது மலையின் இயல்பான ஆபத்து. அதற்கு அந்தக் கையெழுத்து ஓரளவு பேசலாம். அனுமதியில்லாத பாதையில் அழைத்துப்போனது, சிவப்பு எச்சரிக்கை நாளில் ஏற்றியது, உளுத்த கொட்டகையில் படுக்கவைத்தது எல்லாம் இயல்பான ஆபத்தில் சேராது. கையெழுத்து அலட்சியத்தைக் கழுவிவிடாது. நுகர்வோரை நியாயமில்லாமல் கட்டிப்போடும் ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகவும் சட்டம் இடம் தருகிறது.

வழக்கு உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். மலை இருக்கும் மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இறந்தவருக்காக வாரிசுகள் போடலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொன்னால் பணம் திரும்ப வருவது போன்ற சின்னத் தகராறுகள் சில சமயம் அங்கேயே முடியும்.

நண்பர்களுக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று செலவைப் பங்குபோட்டுப் போகும் பயணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. காசு வாங்கிச் செய்த சேவை அங்கே இல்லை. ‘நம்ம பசங்கதானே’ என்று போகும் பயணங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். வழி தெரிந்தவர் என்று முன்னால் நடப்பவர் போன தடவை ஒருமுறை போய்வந்தவராக இருப்பார். குற்றச் சட்டம் மட்டும் இரு தரப்புக்கும் பொது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 125-ஆம் பிரிவு. அதில் நண்பன், ஆர்கனைசர் என்ற பேதம் கிடையாது.

எல்லைத் தகராறும் வரும். கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியில்; சூரியன் உதிப்பதைப் பார்ப்பது தமிழ்நாட்டு மண்ணில். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். பதிந்த பிறகு உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் 181 என்ற உதவி எண்ணும் உண்டு.

விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சாகச விளையாட்டு, மலையேற்றம் என்று பொடி எழுத்தில் விலக்கியிருப்பார்கள்.

கடைசியாக, பலரும் பயன்படுத்தாத ஒரு வழி. ஏமாற்றப்பட்டோம் என்ற சந்தேகம் இருந்தால், அந்த மலை எந்த வனக்கோட்டத்தில் வருகிறதோ அந்த அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேள்வி இரண்டே: நான் போன தேதியில் அந்தப் பாதைக்கு மலையேற்ற அனுமதி தரப்பட்டதா? தரப்பட்டிருந்தால் எத்தனை பேருக்கு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை? கோட்ட அலுவலக முத்திரையோடு வரும் அந்தப் பதிலை நுகர்வோர் ஆணையத்தில் அப்படியே இணைக்கலாம்.